சின்னப் பிள்ளைகளோடு ஒரு வாரம்: நாமே சமைக்கும் காட்டேஜா, ரிசார்ட் அறையா?

“மூன்று வயதில் ஒன்று, எட்டு மாதத்தில் ஒன்று. ஒரு வாரம் எங்காவது போய்விட்டு வரவேண்டும். கிராமப்புறத்தில் தனி வீடு எடுத்து நாமே சமைத்துக்கொள்வதா, ரிசார்ட்டில் அறை போடுவதா?” கொஞ்ச நாளாகவே இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் பாதி முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். காட்டேஜின் புகைப்படம் மனதில் நின்றுவிட்டது, ஆனால் உள்ளே ஏதோ இடிக்கிறது.

நாங்கள் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறோம், இரண்டிலும் அடிபட்டிருக்கிறோம். தனி வீடு எடுப்பதால் வேலை குறையாது, வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் மூடிக்கொள்ள ஒரு கதவு கிடைக்கும். அந்தக் கதவுக்காக எவ்வளவு வேலையை ஏற்கத் தயார் என்பதில்தான் முடிவு இருக்கிறது. இந்த இரண்டைத் தவிர சமையலறையுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட், வீட்டுக்காரர்கள் உடனிருக்கும் ஹோம்ஸ்டே என்று இன்னும் இரண்டு வழிகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

காட்சி, நீச்சல் குளம், ஊஞ்சல் என்று பார்த்து இடம் பிடிப்பது பிள்ளை பிறப்பதற்கு முந்தைய பழக்கம். ஐந்து வயதுக்குக் கீழ் யாராவது உடன் வந்தால் என் வரிசை வேறு.

முதலாவது தூக்கம். பிள்ளை எங்கே தூங்கும் என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். அது தூங்கிய பிறகு நாம் எங்கே இருப்பது? ஒரே அறை என்றால் ஏழரை மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். அப்புறம் இரண்டு பெரியவர்கள் இருட்டில் ஃபோன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பயணத்தில் நானும் கணவரும் குளியலறைத் தரையில் துண்டை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு இரவுச் சாப்பாடு சாப்பிட்டோம். முதல் நாள் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. போதாக்குறைக்கு, புது இடத்தில் முதல் இரவு பெரியவர்களுக்கே மூளையின் ஒரு பாதி அரை விழிப்பில் காவல் காக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். அதனால் முதல் இரவை வைத்து எந்த இடத்துக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

இரண்டாவது, சாப்பாடு: யார் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது. மூன்றாவது, அந்த இடத்தில் பிள்ளையை எத்தனை நிமிடம் கண் எடுத்துவிட்டு இருக்க முடியும். நான்காவது, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவர் எவ்வளவு தூரம். ஐந்தாவது, வாடகை மட்டுமல்ல, மொத்தச் செலவு. ஆறாவது, மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் என்ன செய்வது. இந்த ஆறாவதை யாரும் யோசிப்பதில்லை. புகைப்படத்தில் எப்போதும் வெயில்தானே.

## கிராமப்புறக் காட்டேஜ்

தூக்க விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. பிள்ளையை ஓர் அறையில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து சாதாரணக் குரலில் பேசலாம். விடியற்காலை நாலரைக்கு அழுதால் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டமாட்டார். பாலைச் சூடாக்க யாரையும் அழைக்க வேண்டாம், சமையலறை பத்தடியில் இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால் பெட்டியில் பாதி மிச்சம். சாப்பாட்டைத் தரையில் எறியும் வயதில் ஒரு பிள்ளை இருந்தால், சுற்றிலும் அந்நியர்கள் இல்லாமல் சாப்பிடுவதே பெரிய ஓய்வு.

இனி, விளம்பரத்தில் இல்லாத பக்கம்.

ஆறு இரவு தங்கினால் வந்த அன்று இரவுச் சாப்பாடு, நடுவில் ஐந்து முழு நாட்கள், கிளம்பும் நாளின் காலை உணவு என்று மொத்தம் 17 வேளை. பிள்ளைகளின் இடைத்தீனி தனி. அந்த 17 வேளையையும் ஒரே ஆள் சமைத்தால் அவருக்கு அது விடுமுறை இல்லை, மொண்ணைக் கத்தியோடு வேறு சமையலறையில் பார்க்கும் அதே வேலை. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். எங்கள் ஏற்பாடு: சமைத்தவர் பாத்திரத்தைத் தொடுவதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் மதியம் வெளியே. முதல் இரவுக்கான சாப்பாடு வீட்டிலிருந்தே போகும். பெட்டியைத் திறந்ததும் அடுப்புப் பற்றவைப்பது எப்படி என்று தேடும் நிலை வரக்கூடாது.

பணத்தில் கவனிக்க வேண்டியது துப்புரவுக் கட்டணம். அது பெரும்பாலும் எத்தனை இரவு தங்கினாலும் ஒரே தொகை. ஓர் இரவு வாடகையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்கினால் வாடகையில் 25 சதவீதம் ஏறுகிறது, ஏழு இரவு தங்கினால் ஏழு சதவீதம்தான். அதனால்தான் வாரக்கடைசிக்குக் காட்டேஜ் எடுப்பது பலசமயம் நட்டம். இதுபோக முன்பணம், படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு, குழந்தைக் கட்டிலுக்கு வாடகை, சில இடங்களில் மின்சாரத்துக்கு மீட்டர்படி. எல்லாவற்றையும் கூட்டி இரவுகளால் வகுத்துப் பார்த்த பிறகே ரிசார்ட்டோடு ஒப்பிடுங்கள்.

நேரமும் ஒரு செலவுதான். சாவி மாலை நாலு மணிக்கு, காலி செய்வது காலை பத்து மணிக்கு என்பது சாதாரணம். பிள்ளையின் மதியத் தூக்க நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டு, காருக்குள் காத்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. கிளம்பும் நாளில் குப்பை கட்டுவது, விரிப்பைக் கழற்றுவது, பாத்திரம் கழுவி வைப்பது எல்லாம் நம் தலையில்.

ஆபத்து விஷயத்தில்தான் காட்டேஜ் சறுக்குகிறது. நம் வீட்டை ஒவ்வொரு முனையாகப் பார்த்து மூடி வைத்திருப்போம். அங்கே எல்லாம் திறந்து கிடக்கும். நான் உள்ளே போனதும் பெட்டியைத் திறப்பதில்லை, ஒருவர் பிள்ளைகளை வெளியே வைத்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலிட்டு வீட்டைச் சுற்றிவருவோம். பிள்ளையின் கண் உயரத்தில் வீடு வேறாகத் தெரியும். கட்டிலடியில் எலி மருந்துத் தட்டைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

கீழே உட்கார்ந்து பார்க்கவேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். தோட்டத்துக் குளம், மூடாத தொட்டி, வாளி எல்லாம் இதில் சேர்த்தி. சின்னப் பிள்ளை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் ஆழம் போதும், அதுவும் சத்தமில்லாமல் நடக்கும். நீச்சல் குளம் இருந்தால் நான்கு பக்கமும் சுமார் 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடே நான்காவது பக்கமாக இருந்தால், அதாவது கூடத்துக் கதவைத் திறந்தால் குளம் என்றால், எங்கள் வீட்டில் விவாதமே கிடையாது, வேண்டாம்.

அடுத்தது சுடுநீர். குழாயில் 60 டிகிரியில் வரும் தண்ணீர் பிள்ளையின் தோலைச் சில நொடிகளில் வெந்துபோகச் செய்யும். 49 டிகிரி என்றால் கையை இழுத்துக்கொள்ள நிமிடக் கணக்கில் அவகாசம் உண்டு. ஹீட்டரைத் திருகிக் குறைக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். முடியாது என்றால் தொட்டியில் எப்போதும் குளிர்ந்த நீரை முதலில் விடுவது எங்கள் பழக்கம்.

விறகடுப்போ கேஸ் ஹீட்டரோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கையடக்கக் கருவி ஒன்று எங்கள் பயணப் பையில் நிரந்தரமாக இருக்கிறது. ஜன்னல் திரையின் தொங்கும் கயிற்றை உயரத்தில் கட்டிவிடுவது, மாடிப்படிக்குத் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. குழந்தைக் கட்டில் தருகிறோம் என்று சொன்னால் அதன் கம்பிகளுக்கு இடையே குளிர்பான கேன் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் இடைவெளி அதிகம், அந்தக் கட்டில் வேண்டாம். மெத்தை கெட்டியாக, கட்டிலின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். தலையணையும் பஞ்சுப் போர்வையும் கட்டிலுக்கு வெளியே.

கிராமப்புற வீட்டுக்கே உரிய இன்னொன்று குடிநீர். கிணற்று நீர் என்றால், ஆறு மாதத்துக்குக் கீழ் பால்பவுடர் குடிக்கும் குழந்தை உள்ளவர்கள் நைட்ரேட் (உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் உப்பு) பரிசோதனை நடந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பதில் தெளிவாக இல்லையென்றால் பாட்டில் தண்ணீரோடு போங்கள். ஆழ்துளைக் கிணற்றில் மின்மோட்டார் ஓடும் வீட்டில் மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் போகும். இரண்டு வாளி பிடித்து வையுங்கள், ஆனால் மூடிபோட்டு, எட்டாத இடத்தில். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், முன்பணம் அதில் கரையும்.

காட்டேஜ் எப்போது சரி? குறைந்தது ஐந்து இரவு தங்குவதாக இருந்து, பெரியவர்கள் இரண்டு பேராவது வேலையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள் என்றால். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் மற்ற கணக்கெல்லாம் பின்னால் போய்விடும், சமையல் நம் கையில் இருப்பதுதான் பெரிது.

## ரிசார்ட் அல்லது ஹோட்டல் அறை

இங்கே யாரோ சமைக்கிறார்கள், யாரோ கூட்டுகிறார்கள். குழாய் கெட்டால் பத்து நிமிடத்தில் ஆள் வருகிறார். மழை பெய்தால் உள்விளையாட்டு அறை இருக்கும். தனியாளாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதுதான் என் முதல் பரிந்துரை. கை நான்கு இல்லாதபோது ஒரு வேலையாவது பிறர் கையில் இருக்கட்டும்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. பிள்ளை இலவசம் என்பார்கள், எத்தனை வயதுவரை என்பது அடிக்குறிப்பில் இருக்கும். கூடுதல் படுக்கை தனி. துணி துவைக்க உருப்படிக் கணக்கில் வாங்குவார்கள். கைக்குழந்தை ஒருநாளில் எத்தனை உருப்படி நனைக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்கும் என்றால், ஆறு மணிக்குப் பசித்து ஏழுக்குக் கண் சொருகும் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். சிறுவர் விளையாட்டுக் கூடங்கள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு வயதுக்கு மேல்தான் தனியாக விடலாம். யாருக்காகக் காசு கொடுத்தோமோ அவரே உள்ளே போகமுடியாது.

குளியலறைத் தரை விருந்தைத் தவிர்க்க வழி, நடுவில் கதவுள்ள இரட்டை அறை. “பக்கத்துப் பக்கத்து அறை” என்பது வேறு, “உள்ளுக்குள் இணைப்புக் கதவு” என்பது வேறு. எங்களுக்கு ஓர் இடத்தில் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவது என்று சாதித்தார்கள். எழுத்தில் வாங்குங்கள். ஆனால் அப்படி எடுத்தால் விலை இரண்டு அறைக்கு ஏறி, காட்டேஜ் மலிவாகிவிடும். பால்கனி உள்ள ஓர் அறை அதற்குப் பாதி வழி. பிள்ளை உள்ளே, நாம் வெளியே, நடுவில் கண்ணாடி.

இரண்டு மூன்று இரவுக்கு ரிசார்ட்தான் சரி. ஏழு இரவு ஒரே அறை என்றால் எனக்கு மூச்சு முட்டும்.

## சர்வீஸ் அபார்ட்மென்ட்

அழகில்லாத தேர்வு, அதனாலேயே கவனிக்கப்படாமல் போகிறது. தனிப் படுக்கையறை, சின்ன அடுப்பு, குளிர்பெட்டி, பெரும்பாலும் துணி இயந்திரம். கீழே இறங்கினால் மருந்துக் கடை, சமைக்க மனமில்லையென்றால் சாப்பாடும் பக்கத்திலேயே. அடிக்கடி மூச்சிரைப்பு வரும் பிள்ளை என்றால், மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருப்பது எந்தப் புல்வெளியைவிடவும் மேல்.

குறை: ஓடத் திறந்தவெளி இல்லை, கீழ்வீட்டுக்காரருக்குக் காலடிச் சத்தம் கேட்கும், பால்கனிக் கம்பியை அளக்கவேண்டும். பால்கனியில் நாற்காலி கிடந்தால் முதல் வேலையாக உள்ளே இழுத்துப் போடுங்கள், ஏறுவதற்கு அதுதான் படி.

## ஹோம்ஸ்டே, பண்ணை வீடு

சமையல் அவர்களுடையது, முற்றம் நம்முடையது. ஆடு மாடு கோழி இருந்தால் மூன்று வயதுக்காரருக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டாம். வீட்டுக்காரப் பாட்டி கைக்குழந்தையை வாங்கிக்கொண்டால் பத்து நிமிடம் சூடாக எதையாவது குடிக்கலாம். ஆனால் இரவு மூன்று மணி அழுகை அவர்கள் காதிலும் விழும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், நமக்குத்தான் உறுத்தும். பால் சூடாக்க அவர்கள் சமையலறைக்குள் எத்தனை முறை போவது என்ற தயக்கமும் ஓயாது.

கால்நடையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைக்கவேண்டும், சானிடைசர் போதாது. ஈ.கோலை ஓ157 போன்ற கிருமிகள் ஆடு மாடுகளின் சாணத்தில் இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்டோரை அவை சிறுநீரகம்வரை தாக்கக்கூடும். அங்கே கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்கக்கூடாது.

## ஒரே பார்வையில்

| | காட்டேஜ் | ரிசார்ட் அறை | அபார்ட்மென்ட் | ஹோம்ஸ்டே |
|---|---|---|---|---|
| பிள்ளை தூங்கிய பின் நாம் | கூடத்தில், நிம்மதியாக | இருட்டில் | கூடத்தில், மெதுவான குரலில் | முற்றத்தில், வீட்டாரோடு |
| சமையல் | முழுக்க நாம் | இல்லை | பாதி நாம் | இல்லை |
| கண் எடுக்க முடியுமா | முதல் நாள் முடியாது | அறைக்குள் ஓரளவு | பால்கனியை மூடினால் முடியும் | இடத்தைப் பொறுத்து |
| மருத்துவர் | தூரம் | விசாரிக்கவேண்டும் | பக்கம் | தூரம் |
| மறைந்த செலவு | துப்புரவு, முன்பணம், நம் உழைப்பு | கூடுதல் படுக்கை, சலவை | வண்டி நிறுத்தம் | குறைவு |
| மூன்று நாள் மழை | வீடு பெரிதானால் சமாளிக்கலாம் | எளிது | எளிது | கடினம் |
| பொருத்தமான காலம் | குறைந்தது 5 இரவு | 2–3 இரவு | எதுவும் | 2–4 இரவு |

## வயதை வைத்துப் பார்த்தால்

இங்கே என் கருத்து கொஞ்சம் விநோதமாகத் தோன்றலாம். தவழாத குழந்தைக்குக் காட்டேஜ் சரி: வைத்த இடத்தில் இருக்கும், நாளில் பாதி தூங்கும். நாலு வயதுக்கு மேலும் சரி: “குளத்துப் பக்கம் போகாதே” என்றால் பெரும்பாலும் கேட்கும், அப்போதும் ஒரு கண் வேண்டும். தவழத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய மூன்று வயதுவரைதான் சிக்கல். எல்லாவற்றையும் எட்டும், எதுவும் புரியாது. அந்த வயதில் அறிமுகமில்லாத வீட்டில் ஒரு வாரம் இருப்பது, ஒருவர் மாற்றி ஒருவர் காவல் நிற்பதுதான். அப்போது நான் அபார்ட்மென்டையோ, மாடியும் குளமும் இல்லாத ஒற்றைத்தளக் காட்டேஜையோ தேடுவேன்.

தொடக்கத்தில் கேட்டவருக்கு மூன்று வயதும் எட்டு மாதமும். எட்டு மாதம் என்றால் இன்று தவழாவிட்டாலும் பயண நாளுக்குள் தவழ்ந்துவிடும். முன்பதிவு செய்யும் நாளின் வயதை அல்ல, போகும் நாளின் வயதைக் கணக்கில் எடுங்கள். அவருக்கு என் பதில்: துணைக்குத் தாத்தா பாட்டி வந்தால் ஒற்றைத்தளக் காட்டேஜ், இல்லையென்றால் அபார்ட்மென்ட்.

இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து பெரிய வீடாக எடுத்தால் வாடகை பாதியாகும் என்பது உண்மை, நாம் சமைக்கவேண்டிய வேளைகளும் பாதியாகும். ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் தூக்க நேரம் ஒரு மணிக்கு மேல் வேறுபட்டால் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பிள்ளை எழுப்பிவிடும். வாடகையைத் தலைக்கணக்கில் பிரிப்பதா, அறைக்கணக்கில் பிரிப்பதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். கைக்குழந்தை அரைத் தலையா, ஒரு தலையா என்று ஒரு நட்பு முறியப் பார்த்ததை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

## காட்டேஜ்தான் என்று முடிவெடுத்தால்

முன்பணம் கட்டுமுன் வீட்டுக்காரருக்கு நான் அனுப்பும் கேள்விகள் இவை. குளம், கிணறு, தொட்டி எங்கே இருக்கின்றன, வேலி உண்டா? படுக்கையறைகள் ஒரே தளத்திலா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் கிடைக்குமா, எந்த மூலையில்? அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவில் எத்தனை நிமிடம்? கிலோமீட்டரில் பதில் வந்தால் திருப்பிக் கேட்பேன், வளைவுப் பாதையில் இருபது கிலோமீட்டர் என்பது வேறு கணக்கு. குளிர்பெட்டி முழு அளவா? மேசைக்கடியில் வைக்கும் குட்டிப் பெட்டிகள் பல 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, பால் தங்காது. கொசுவலை உண்டா? இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசுவிரட்டி பூசக்கூடாது, வலைதான் வழி. சாவியைக் கொஞ்சம் முன்னதாகத் தரமுடியுமா?

பெரும்பாலானோர் பொறுமையாகப் பதில் அனுப்புவார்கள். ஒருவர் மட்டும் “இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்று எழுதினார். குளம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வேறு வீடு பார்த்தோம்.